ஞாயிற்றுக்கிழமையின் மடங்குகள்

மகளுக்கு இருமல் நிற்காத அந்த மழைக்காலத்தில், அவளைக் கீழே சமவெளியில், கோபியில் இருக்கும் என் அம்மாவிடம் விடுவதைப் பற்றி யோசிக்கச் சொன்னார் குன்னூரில் நாங்கள் பார்க்கும் டாக்டர். குளிர் குறையும்வரை என்றார். அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். தலையாட்டியது சரியா என்ற சந்தேகம் பஸ்ஸிலேயே வந்துவிட்டது.

அம்மா போனில் இதற்காகவே காத்திருந்தவள் போலப் பேசினாள். "கொண்டாந்து உடு கண்ணு. வெயில் பட்டா எல்லாஞ் சரியாப் போகும். நீ அங்க கம்ப்யூட்டரப் பாத்துட்டு இரு." கடைசியில் சொன்னது ஆறுதலா குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை.

கோவையில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். ஓடும் பம்பின் அதிர்வை ஒரு கருவி இடைவிடாமல் எண்களாகப் பதிவு செய்யும். அந்த நீண்ட வரிசையை வெறுமனே பார்த்தால் ஒன்றும் புரியாது. ஃபூரியர் மாற்றம் என்ற கணக்கு அதை வெவ்வேறு வேகத்தில் ஏறி இறங்கும் அலைகளாகப் பிரித்துத் தரும். ஒவ்வோர் அலைக்கும் கெழு என்று ஓர் எண். அந்த அலை எவ்வளவு உயரம், அதன் உச்சி எந்த நேரத்தில் விழுகிறது என்ற இரண்டையும் கெழு சொல்லிவிடும். மொத்த எண்களையும் வைத்துக்கொண்டு அல்லாடாமல், சில கெழுக்களை மட்டும் அந்தப் பம்பின் அங்க அடையாளங்களாக எடுத்துக்கொள்வோம். நல்ல பம்பையும் பேரிங் தேய்ந்த பம்பையும் பிரித்தறிய அவை போதும்.

நான் வேலை செய்யும்போது மகளின் சத்தம் கேட்க வேண்டுமென்று தொட்டிலருகே ஒரு கருவி வைத்திருந்தோம். அதன் பதிவிலிருந்து மணிவாரியாக இருமல்களை எண்ணி, அந்த வரிசைக்கும் ஃபூரியர் மாற்றம் போட்டேன். பக்கத்து வெலிங்டனில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் கணவர் எட்டிப் பார்த்தார்.

"பாப்பா என்ன மோட்டாரா?"

"பாத்தா தப்பா?" என்றேன். தப்போ என்று எனக்கும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

இரண்டு கெழுக்கள் உயர்ந்து நின்றன. ஒன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறும் அலை. மற்றது வாரத்துக்கு இருமுறை. இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் தேடினேன். ஞாயிறு காலையில் மார்க்கெட்டுக்குக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போவோம். அதை நிறுத்தினோம். வாரம் இருமுறை வருவது வீடு துடைக்கும் அக்கா. கீழே தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளிலிருந்து வருபவர். பினாயில் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். "வெறுந்தண்ணியில தொடச்சா ரோட்டுக்குத் தண்ணி தெளிச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார். ஆனாலும் அப்படியே துடைத்தார். கெழுக்கள் இரண்டும் குறையவே இல்லை. மகளின் ஸ்வெட்டர்களைப் பையில் அடுக்கத் தொடங்கினேன்.

அந்த வாரம் புகார் வந்த ஒரு பம்பின் பதிவு என்னிடம் வந்தது. சுற்றுக்கு ஒருமுறை உள்ளே ஏதோ தட்டும் பம்பு. அப்படிப்பட்ட பம்பில் சுற்றும் வேகத்துக்குரிய கெழு மட்டும் உயராது, அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேகத்திலும் உயரும். தட்டு கூர்மையாக இருந்தால் மடங்குகள் நீண்டுகொண்டே போகும். அவற்றைத் தனித்தனிக் கோளாறுகளாக எண்ணக் கூடாது என்று வேலையில் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

மகளின் வரிசையை மறுபடி திறந்தேன். வாரத்துக்கு மூன்றுமுறை ஏறும் அலையும் உயர்ந்திருந்தது. முதலில் அதைக் கவனிக்கவில்லை. மூன்று அலைகளின் உச்சிகளும் எங்கே ஒன்றாக விழுகின்றன என்று பார்த்தேன். ஞாயிறு சாயங்காலம். வாரத்தில் ஒரே ஒரு தட்டு.

ஞாயிறு மதியம், கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது மகளுக்குத் தலைக்கு ஊற்றுவோம். மழைக்காலத்தில் இங்கே முடி லேசில் காயாது. என் கணவர் கரண்டியில் கரி போட்டுச் சாம்பிராணி தூவி, அவளை மடியில் படுக்கவைத்து, புகைக்கு மேலே முடியைக் கோதிக்கொண்டே இருப்பார். வாரம் முழுவதும் அவர் கிளம்பும்போதும் திரும்பும்போதும் அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர்கள் இருவரும் சேர்ந்திருப்பது அந்த நேரம்தான். வீட்டில் புகை உண்டா என்று டாக்டர் கேட்டபோது இருவருமே உடனே இல்லை என்றோம். கேஸ் அடுப்பு. யாரும் சிகரெட் பிடிப்பதில்லை. எங்களுக்குச் சாம்பிராணி வாசனை, சளிக்கு மருந்தும்கூட.

அவரிடம் சொன்னேன். என் கணவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சாம்பிராணியப் போயி புகைன்னு சொல்லுவாங்களா?"

"தெரியலைங்க. டாக்டர்கிட்டக் கேக்கலாம்."

டாக்டர் எங்கள் கெழுக்களைப் பார்க்கவில்லை. சாம்பிராணி என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். அதை நிறுத்திவிட்டு ஒரு மாதம் பார்க்கலாம், கோபி இப்போது வேண்டாம் என்றார்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து துண்டால் ஒற்றி ஒற்றி முடியைக் காயவைத்தார். முன்பைவிட நேரம் அதிகம் ஆனது. அவர் குறை சொல்லவில்லை. மாதக் கடைசியில் மறுபடி கணக்கிட்டபோது மூன்று கெழுக்களும் மற்றவற்றோடு மற்றவையாகத் தாழ்ந்திருந்தன. அதற்குள் மழையும் விட்டிருந்தது. எதனால் குறைந்தது என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கு இன்னும் துணிவில்லை. பையிலிருந்த ஸ்வெட்டர்களை அலமாரிக்கு மாற்றினேன்.

பாப்பா வரவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"சாம்பிராணி போடாம புள்ளைக்குத் தலை எப்படிக் காயும்?"

"காயும்மா. அவர் மடியிலதான் இருக்கா."