அத்தாவுல்லா பாயும் ஓசோன் ஓட்டையும்

முடிச்சூர் ரோட்டில் என் ஜெராக்ஸ் கடைக்கும் அத்தாவுல்லா பாயின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான் உண்டு. பதினோரு வருஷம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனுஷனுக்குக் காலில் சக்கரம். கம்ப்ரசரைப் பாதி பிரித்துப் போட்டுவிட்டு என் பேப்பரைப் புரட்ட வருவார். தலைப்பை மட்டும் படித்துவிட்டு டீக்கடைக்குப் போய் மீதிச் செய்தியைச் சொந்தச் சரக்காகச் சேர்த்துச் சொல்வார். தொழிலில் மட்டும் குறை சொல்ல முடியாது. சேலையூர், பெருங்களத்தூர் தொடங்கி கோவளம் மீன்காரர்கள் வரை அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

2007-இல் மெக்கானிக்குகளுக்கு கிண்டியில் இரண்டு நாள் பயிற்சி என்று நோட்டீஸ் வந்தது. டூல்ஸ் இலவசம் என்று போட்டிருந்ததால் பாய் போனார். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பெட்டி நிறையக் கருவிகளும் முகம் நிறையக் கோபமுமாக நேரே என் கடைக்கு வந்தார்.

"இன்னா சார் அநியாயம் இது? தென் துருவத்துக்கு மேல ஓட்டை வுழுந்துருச்சாம். அதுக்காவ நான் கேஸ் அடிக்கக் கூடாதாம்!"

அவர் கொண்டு வந்த கையேட்டை வாங்கிப் படித்தேன். பழைய ஃப்ரிட்ஜுகளில் போடும் ஆர்-12 என்ற கேஸ் வானத்துக்குப் போய் ஓசோன் படலத்தை அரிக்கிறது. 1987-இல் தேசங்கள் கூடி அதைப் படிப்படியாகக் குறைப்பதென்று கையெழுத்துப் போட்டன. பணக்கார நாடுகள் 1996-இலேயே நிறுத்தியாயிற்று. நம்மைப் போன்றவர்களுக்கு 2010 தொடங்கும் வரை தவணை. அதற்குள் ஓசோனை அரிக்காத புது கேஸுக்கு மெக்கானிக்குகள் பழகிக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கும் கருவிக்கும் ஆகும் செலவு பணக்கார நாடுகள் போட்ட நிதியிலிருந்து வருகிறது. இதையெல்லாம் நான் பொறுமையாக விளக்கினேன்.

"அவன் அம்பது வருசம் ஏசி போட்டுத் தூங்கி எந்திரிச்சான். ஓட்டை போட்டது அவன். அத்த அடைக்கிறது முடிச்சூர் ரோட்டு அத்தாவுல்லாவா?"

கேள்வியில் நியாயம் இருந்ததுதான் எனக்கு எரிச்சல். உலகத் தலைவர்கள் மாதத்துக்கு ஒரு மாநாடு போடுகிறார்கள். கை குலுக்கி, போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுக் கலைகிறார்கள். ஏதோ இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்னதைச் செய்துகொண்டிருந்தார்கள். அதையும் ஒருவர் இப்படிப் போட்டுத் தாக்குகிறாரே என்று இருந்தது. ஆனாலும் பாய் சொல்லச் சொல்ல ஐக்கிய நாடுகள் சபைக்கு ஒரு கடிதம் டைப் அடித்துக் கொடுத்தவன் நான்தான். "எங்களைக் கேட்டு முடிவு செய்தீர்களா?" என்று அதில் ஒரு வரி. அதைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன். நியூயார்க்கிலிருந்து பதில் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கடிதத்தின் நகலை பல்லாவரத்தில் நடந்த மெக்கானிக் சங்கக் கூட்டத்தில் பாய் எழுந்து நின்று படித்தார். படித்து முடித்ததும் சபதம் வேறு. "என் உசுரு கீற வரிக்கும் பழைய கேஸ்தான். புது கேஸ் தீப்பிடிக்கிற கேஸ். ஜனங்க வூட்டுக்குள்ள வெடிகுண்டு வெக்கச் சொல்றான். நான் வெக்க மாட்டேன்!" கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. கேளம்பாக்கத்து யேசுதாசன் விசிலே அடித்தான். யேசுதாசன் அதிகம் பேசாத மெக்கானிக். பாயின் மேல் அவனுக்குத் தனி மரியாதை.

அடுத்த வருஷம் ஜூன் மாதம். கோவளத்தில் மீன் விற்கிற முத்தாலம்மாளின் டீப் ஃப்ரீசர் நின்றுபோனது. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய சமயம். பெட்டி நிறைய சங்கராவும் வஞ்சிரமும் வைத்திருந்த அந்த அம்மா போனில் அழுதாள். குழாயில் கசிவு, கேஸ் முழுக்கப் போய்விட்டது. பழைய கேஸுக்காக பாய் நான்கு கடை ஏறி இறங்கினார். எங்கேயும் சிலிண்டர் இல்லை. கடைசியில் பயிற்சியில் கொடுத்த புது கேஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். கசிவை ஒட்டி, கேஸை அளந்து ஏற்றினார். பெட்டி முன்னைவிட நன்றாகவே குளிர்ந்தது.

புது கேஸ் ஏற்றினால் பெட்டியின் முதுகில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். உள்ளே எரியும் கேஸ் இருக்கிறது என்று அடுத்து வருகிற மெக்கானிக்குக்குச் சொல்கிற ஸ்டிக்கர். பாயின் பையில் அது பத்துப் பதினைந்து இருந்தது. அவர் ஒட்டவில்லை. சோம்பல் இல்லை, மறதியும் இல்லை. சபதம் போட்ட ஆள் புது கேஸ் அடித்தார் என்று அந்தப் பக்கத்து மெக்கானிக் எவன் கண்ணிலாவது பட்டால் மானம் கப்பலேறிவிடும் என்ற பயம். 'நம்ம கஸ்டமர், நாமதானே திரும்ப வரப்போறோம்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். இதெல்லாம் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னது.

செப்டம்பரில் தங்கை மகள் கல்யாணத்துக்கு பாய் குடும்பத்தோடு ஆம்பூர் போயிருந்தார். அந்த வாரம் ஃப்ரீசர் மறுபடி குளிர மறுத்தது. முத்தாலம்மாள் யேசுதாசனைக் கூப்பிட்டாள். பழைய கேஸ் கசிகிறதா என்று பார்க்க மெக்கானிக்குகளிடம் ஒரு வழக்கம் உண்டு. சின்னத் தீச்சுடரைக் குழாய் ஓரமாக நகர்த்துவார்கள். கசிவு இருக்கிற இடத்தில் சுடர் பச்சையாகும். யேசுதாசன் அதைத்தான் செய்தான். சுடர் பச்சையாகவில்லை. பெட்டிக்குப் பின்னால் தேங்கியிருந்த கேஸ் குப்பென்று பற்றியது.

வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. புருவம் கருகியது. கண் தப்பியது அவன் செய்த புண்ணியம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். அதற்குள் ஊர் வாய் வேலையைத் தொடங்கிவிட்டது. மிச்சம் பிடிக்க ஃப்ரீசரில் சமையல் கேஸை அடித்தான், அதான் வெடித்தது என்றார்கள். "எங்கூட்ல தீ வெச்சிட்டுப் பூட்டாம்பா" என்று முத்தாலம்மாள் மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை. சங்கத்திலிருந்து அவன் பெயரை எடுத்துவிடப்போவதாகப் பேச்சு அடிபட்டது.

ஆம்பூரிலிருந்து திரும்பிய பாய் விஷயத்தைக் கேட்டதும் வெளிறிப்போனார். அதன் பிறகு அவர் பட்டபாட்டை சுவருக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஷட்டரைத் திறப்பார், அரை மணியில் மூடுவார். பைக்கை எடுத்துக்கொண்டு வண்டலூர் வரை போய்த் திரும்பி வந்துவிடுவார். ஒரு மத்தியானம் என் கடைக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"போய்ச் சொல்லுங்க பாய்" என்றேன்.

"சொன்னா என் பொழப்பு இன்னாவுறது? எவன் கூப்புடுவான் என்னை?"

"அவன் பொழப்பு?" என்று கத்திவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண் பயந்துபோய் நகர்ந்து நின்றாள். கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. அந்தக் கடிதத்தைத் தப்பில்லாமல், அழகாக, தடித்த எழுத்தோடு அடித்துக் கொடுத்தவன் நான். கூட்டத்தில் அவர் அதைப் படித்தபோது பெருமைப்பட்டவனும் நான்.

பாயை அசைத்தது என் கத்தல் இல்லை. அவர் மனைவி ஜெய்னப் அக்கா சாப்பாடு கொண்டு வந்தவர் நேற்றைய டப்பா தொடாமல் இருப்பதைப் பார்த்தார். "நீங்க சாப்பிடாம இருந்தா அந்த மனுஷனுக்குக் கை ஆறிடுமா? அவங்க வூட்ல இன்னிக்கு உலை வெச்சாங்களான்னு போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே சங்கத்துக்கு ஒரு கடிதம் அடித்தோம். ஐந்தே வரி. புது கேஸ் ஏற்றியது நான், ஸ்டிக்கர் ஒட்டாதது நான், யேசுதாசன் மேல் எந்தத் தப்பும் இல்லை. பாய் கையெழுத்துப் போட்டார். முதலில் அவனிடம் காட்ட வேண்டும் என்றார். என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவர் வண்டி ஓட்டிய வேகத்தில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

யேசுதாசனின் மனைவி செல்வமேரி கதவைத் திறந்தாள். "வாங்க பாய்" என்றாள், முகத்தில் எதுவும் இல்லை. யேசுதாசன் கட்டிலில் சாய்ந்திருந்தான். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். பாய் கடிதத்தை நீட்டினார். அவன் இடது கையால் வாங்கி, தடவித் தடவி நிதானமாகப் படித்தான்.

"அந்தப் பொட்டில புது கேஸ் அடிச்சது நான்தான்பா" என்றார் பாய், அவன் படித்து முடிக்கும்வரை பொறுக்காமல். "உனக்குத் தெரியாது…"

"தெரியும் பாய்."

பாய் விழித்தார்.

"குழாய்ல ஒட்டு வெச்சிருந்ததப் பாத்தேன். உங்க கைதான்னு பாத்ததுமே தெரிஞ்சிது. அதுக்கப்புறமும் மஞ்ச ஸ்டிக்கர் கீதான்னு பொட்டிய சுத்திப் பாத்தேன். இல்ல. பாய் புது கேஸைத் தொட மாட்டாரே, அவ்ளோ பேர் முன்னாடி சொன்னவராச்சேன்னு தைரியமா சுடரைக் கொண்டுபோனேன். குப்புன்னு பத்திக்கினப்பதான் உள்ள இருந்தது இன்னான்னு புரிஞ்சிது."

செல்வமேரி உள்ளே போய்விட்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

"தெரிஞ்சிக்கினுமா யார்கிட்டயும் சொல்லாம இருந்தே?" என்றார் பாய். "ஊரே உன்னத் திட்டுதேடா."

யேசுதாசன் கடிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தான்.

"நீங்களே வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன் பாய். இன்னியோட பதினெட்டு நாளாச்சு."