மேம்பாலம் ஏறினால் திசைமாறும் காற்று

கூலிங் அண்ணன் என்று கேட்டால்தான் அந்தப் பக்கம் வழி சொல்வார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கார்களுக்கு ஏசி பழுது பார்ப்பது அவர் தொழில். பெட்ரோல் பங்குக்குப் பின்னால், இரண்டு வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கிற அளவுக்கு ஒரு தகரக்கூரைப் பட்டறை. பெயரில் இருந்த குளிர்ச்சி அங்கே மருந்துக்குக்கூடக் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, புதிதாக வாங்கிய பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்தான். கூடவே அக்காவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். வண்டிக்கு வந்திருந்த நோய் விசித்திரமானது. சமதரையில் குளிர்காற்று ஒழுங்காக முகத்துக்கு வருகிறதாம். மேம்பாலம் ஏறினால் போதும், முகத்தை விட்டுவிட்டு முன்கண்ணாடிப் பக்கம் போய்விடுகிறதாம்.

"என்னைவிடக் கண்ணாடி மேலதான் அதுக்குப் பாசம், மாமா" என்றான்.

கூலிங் அண்ணன் சிரித்துக்கொண்டார். இது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் காலத்து வண்டிகளில் காற்றைத் திருப்பிவிடும் தடுப்புகளை அசைப்பது மின்சாரம் இல்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு. பட்டறையில் அதை வேக்கம் என்பார்கள். பென்சிலைவிட மெல்லிய ரப்பர் குழாய்கள் அந்த இழுப்பை டாஷ்போர்டுக்குள் கொண்டுபோகும். மேடு ஏறுகையில் இழுப்பு குறையும். குழாய் எங்கேனும் வெடித்திருந்தால் இருக்கிற கொஞ்சமும் கசிந்துபோய், தடுப்பு தன்பாட்டுக்குக் கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். வெடித்த இடத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டே இடத்தைப் பிடிப்பது அவர் வழக்கம்.

அன்று எஞ்சின் பக்கம் முழுக்கக் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சரி, வெயிலில் காய்ந்த ரப்பர்தானே என்று அங்கிருந்த குழாய்களை எல்லாம் மாற்றினார். காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வையும் மாற்றினார். மனைவியை முன்னாலும் மச்சினனைப் பின்னாலும் உட்காரவைத்து மேம்பாலம் ஏறினார். பாதி ஏறும்போதே காற்று முகத்தை விட்டு நழுவியது.

பாலம் இறங்கி, வண்டியை ஓரங்கட்டி, ஏசி விசிறியை நிறுத்தினார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, என் முழங்கால்கிட்ட என்னமோ சீறுதே" என்றாள் மனைவி.

அவர் சாய்ந்து டாஷ்போர்டுக்குக் கீழே தலையை நுழைத்தார். எஞ்சின் உறுமுவது கேட்டது. வேறெதுவும் இல்லை. பின்னாலிருந்து மச்சினனும் தனக்குக் கேட்கிறது என்றான். எப்போதும் பாட்டு போட்டே ஓட்டுவதால் இதுவரை கவனிக்கவில்லையாம். அக்காவும் தம்பியும் சேர்ந்து தன் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் குடும்பத்துக்கு அது புதிதும் இல்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் எஞ்சினை நிறுத்தாமலே பக்கத்துக் கடை டயர்க்காரரைக் கூப்பிட்டார். ஆயுளில் ஒரு தடவைகூட விளையாட்டுக்குப் பேசாத மனுஷன். குனிந்தார், டாஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் விரலை நீட்டினார்.

"இங்கதான் வருது. உங்களுக்குக் கேக்கலையா?"

கூலிங் அண்ணன் பெட்டியைக் கழற்றினார். உள்ளே ஒரு குழாய் இரும்புப் பட்டையில் உரசி உரசி, மயிரிழை அகலத்துக்குக் கீறல் விட்டிருந்தது. அதன்மேல் விரலை வைத்தார். விரலை உள்ளே பிடித்து இழுத்தது. எடுத்தார்.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது" என்றாள் மனைவி.

மறுபடி விரலை வைத்தார். "இப்ப?"

"நின்னுடுச்சு."

எடுத்தார், வைத்தார், எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் சரியாகச் சொன்னாள். அவருக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

கீறிய துண்டை வெட்டிவிட்டு, இணைப்பு போட்டுப் புதுக் குழாயைச் செருகி, இரும்பில் படாமல் ஒதுக்கிக் கட்டினார். அதன்பின் பாலம் ஏறி இறங்கியபோது காற்று முகத்தை விட்டு அசையவில்லை. மச்சினன் மாமாவைத் தலையில் தூக்கிவைத்து ஆடாத குறையாகப் புறப்பட்டுப் போனான். மாமாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. மச்சினன் பேசியது கேட்டது, லாரி போவது கேட்டது, ஸ்பானர் விழுவது கேட்டது. அது மட்டும் ஏன் கேட்கவில்லை?

வீட்டில் சாப்பாடு போட்டுவிட்டு மனைவி எதிரே உட்கார்ந்தாள். குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நான் சமையல்கட்டுலேருந்து கூப்பிடறது?"

"நீ எங்க கூப்பிட்ட?"

கூப்பிட்டுப் பதில் வராமல், அவர் எதற்கோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருக்கிறார் என்று நினைத்தாளாம். வீம்புக்குத் தானும் பேச்சைக் குறைத்துக்கொண்டாளாம். வயதாக ஆக இவள் அமைதியாகிவிட்டாள் என்று அவர் நினைத்திருந்தார். யார்மேல் கோபப்படுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள்.

காது டாக்டர் தலையில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். கேட்டதா, கேட்டதுபோல இருந்ததா என்று தெரியாமலே சில தடவை அழுத்தினார் கூலிங் அண்ணன். கனத்த சத்தம் எல்லாம் நன்றாகக் கேட்கிறது, மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் போய்விட்டன, இரைகிற கம்ப்ரசர் பக்கத்திலேயே இத்தனை வருஷம் நின்றதால் இருக்கும், போனது இனி வராது என்றார் டாக்டர். ஒரே காதில் பாதி மட்டும் எப்படிக் கெடும் என்று அவர் வழியெல்லாம் மனைவியைக் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் அவருடைய முகத்துக்கு நேரே வந்து, தனக்கும் தெரியாது என்றாள்.

இப்போது அளவு காட்டும் முள் வைத்த கைப்பம்பு ஒன்று வாங்கியிருக்கிறார். ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றை இழுத்துவிட்டு முள்ளைப் பார்க்கிறார். முள் இறங்கினால் ஓட்டை. வேலை முன்பைவிட மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனால் தப்புவதில்லை. முள் அசையாமல் நின்றபின்னும் பழைய பழக்கத்தில் ஒரு தடவை குனிந்து காதை வைக்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. குழாய் நன்றாக இருப்பதாலா, தன் காதாலா என்று ஒரு கணம் குழம்பிவிட்டு, மறுபடியும் முள்ளைப் பார்க்கிறார்.