ஆடி அசைந்து போன கோர்னர்

உருகுவேயிலிருந்து மொன்றியலுக்குக் கால்பந்து விளையாட வந்த விங்கர் வில்மாரின் முழங்கால் நாசமாய்ப் போயிருந்தது. கோச்சுக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போச்சு. பேஸ்மென்ட் படியில் அவன் தவழ்ந்து ஏறுவதைப் பார்த்த ஒரே ஆள், பியர்பொன்ட்ஸில் அந்தப் பேஸ்மென்ட்டை அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் றெனோல்ட்.

அதனால் கோர்னர் கிடைத்தால், மைதான மூலைக்குப் பந்தடிக்க ஓடமாட்டான். காலுறையை இழுத்து, பந்தைத் துடைத்து, ஆடி அசைந்து போவான். வெல்லுகிற அணி நேரம் கடத்துகிறது என்று எல்லாரும் சிரிப்பார்கள். நொண்டல் அதற்குள் ஒளிந்துவிடும்.

2006இன் கடைசி ஆட்டம். கோர்னர். உயிர்போகிற வலியோடு வழக்கம்போல அசைந்து போனான். சொந்தக் கூட்டமே ஊளையிட்டது. றெனோல்ட் ஸ்கோர்போர்டைக் காட்டிக் கத்தினார்: “எட, நாங்களெல்லோ தோக்கிறம், ஓடடா!”

வில்மார் அப்போதுதான் ஸ்கோர்போர்டைப் பார்த்தான். கோச் அவனுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.