நாற்பத்தொன்றாம் டோக்கன்

எங்கள் கிளினிக்கில் நாற்பத்தொன்றாம் எண் டோக்கன் கிடையாது. நாற்பதுக்கு அடுத்தது நாற்பத்திரண்டுதான். யாராவது கேட்டால் உடைந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, மஞ்சள் பிளாஸ்டிக்கில், ஒரு கீறல்கூட இல்லாமல்.

தஞ்சாவூரில் முன்னாள் ராணுவத்தினருக்கான கிளினிக்கில், வருகிறவர்களைப் பதிவு செய்யும் வேலை எனக்கு. பெரிய வைத்தியம் என்றால் இங்கே டாக்டரைப் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போதுதான் செலவை அரசு ஏற்கும். உயிருக்கு ஆபத்து என்றால் சீட்டு தேவையில்லை. பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேரே போய்விட்டுப் பிறகு தகவல் சொன்னால் போதும். இந்த இரண்டாவது விதியும் சுவரில் ஒட்டித்தான் இருந்தது, ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

ஹவில்தார் ஐயா வேதாரண்யம் பக்கத்து ஆள். வரிசையில்கூட முன்னால் நிற்பவரோடு ஒரு கை இடைவெளி விட்டு நிற்பார். ஒருமுறை முழங்கால் வலிக்குச் சீட்டில்லாமல் போய்விட்டு வந்தவரை, பத்துப் பேருக்கு முன்னால் கடிந்துகொண்டேன். "பட்டாளத்துல இருந்தவங்களே இப்படிச் செஞ்சா எப்படிங்கய்யா? சீட்டு இல்லாம எங்கயும் போகக் கூடாது." அவர் விறைப்பாக நின்று, "சரிம்மா, இனிமே நடக்காது" என்றார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

பிறகு ஒரு திங்கட்கிழமை, நல்ல கூட்டம். அவர் வந்தபோது சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. "என்னங்கய்யா உடம்புக்கு?" என்றேன், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒண்ணுமில்லம்மா, நெஞ்சுல லேசா பிடிப்பு. சீட்டு வாங்கிட்டுப் போயிடுறேன்." பட்டாளத்துக்காரர்கள் யாரும் வலியைக் கூட்டிச் சொல்லி நான் கேட்டதில்லை. அது தெரிந்தும் அந்த 'லேசா'வை அப்படியே நம்பினேன். டோக்கனைக் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

முப்பத்தாறாவது ஆள் உள்ளே போனபோது ஹவில்தார் ஐயாவின் மனைவி என்னிடம் வந்தார். "ராத்திரியெல்லாம் தூங்கலங்க. விடியக்கால பஸ்ல வந்தோம். மன்னார்குடியில இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்னு கெஞ்சினேன். சீட்டு இல்லாம போகக் கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாமே."

எழுந்து உள்ளே ஓடினேன். டாக்டரைக் கூப்பிட்டேன், ஆம்புலன்ஸ் வந்தது. திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி என்று வழியில் எத்தனையோ ஆஸ்பத்திரிகளைத் தாண்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நான் அரைகுறையாகச் சொன்ன ஒரு விதிக்குக் கட்டுப்பட்டு வந்திருக்கிறார். அன்று சாயங்காலம் இறந்துபோனார்.

கருமாதி முடிந்து அந்த அம்மா ஏதோ சான்றிதழுக்காக வந்தார். பையிலிருந்து டோக்கனை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "அவரு சட்டைப் பையில இருந்துச்சுங்க. ஆபீஸ் பொருள், ஒப்படைச்சிடணும்னுதான் சொல்லுவாரு." அந்த அம்மா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சுவரிலிருந்த அந்த இரண்டாவது விதியைத் தமிழில் பெரிதாக எழுதி மாட்ட அனுமதி கேட்டேன். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள், இன்னும் பதில் இல்லை. அதுவரை, வருகிறவர்களின் கிளினிக் அட்டை உறைமேல் நானே சிவப்பு மையில் எழுதித் தருகிறேன்: நெஞ்சு வலித்தால் சீட்டு வேண்டாம், பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

போன வாரம் ஒரு சுபேதார் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இதுக்கு உத்தரவு இருக்காம்மா?" என்று கேட்டார்.

இழுப்பறையைத் திறந்து நாற்பத்தொன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இருக்குங்கய்யா" என்றேன்.