ரோட்டுப் பக்கத்து ஜன்னல்

செங்கம் சாலையில் நான் தங்கிய விடுதியின் காவலாளிக்கு அறுபது வயதிருக்கும். எதைத் தொடுவதற்கு முன்னும் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார்.

ஆன்லைன் நேர்காணலுக்குப் பத்து நிமிடமே இருந்தது. என் கையடக்க வைஃபை ரூட்டரில் சிவப்பு விளக்கே எரிந்தது. பதறிப்போய் அவரைக் கூப்பிட்டேன். பின்மூடியைத் திறந்து சிம்மைச் சரியாகப் பொருத்தினார்.

“மலைப் பக்கம் சிக்னல் கம்மிங்க. ரோட்டு ஜன்னல்ல வைங்க.”

பச்சை விளக்கு வந்தது. நேர்காணல் தடங்கலில்லாமல் முடிந்தது.

“உங்க போன்லயும் இந்த வைஃபையைப் போட்டுக்கோங்க” என்றேன்.

“போனே வெச்சுக்கறதில்லைங்க. இருந்தா, பையன் கூப்பிட்டானானு பாத்துக்கினே இருப்பேன்.”



ஊர் திரும்பிய மறுவாரம் வேலை கிடைத்தது. முதலில் அவரிடம்தான் சொல்லத் தோன்றியது. கூப்பிட எண் இல்லை.