காப்பை வீசியவரின் பேரன்

கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு பெரியப்பா, பெரியம்மாவையும் இரண்டு பெண்களையும் அங்கேயே விட்டுவிட்டு, ஹைதராபாத்தில் லோத்குண்டாவில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு தகரப் பெட்டியும் ஓயாத இருமலும் தவிர அவர் கொண்டுவந்தது ஒரு கதை மட்டும்தான்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை அது. சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொருவனும் எண் பொறித்த காப்பைக் கையில் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனி உத்தரவு போட்டது. பெரியப்பாவின் தாத்தா தன் காப்பை ஆபீஸ் வாசலில் வீசி எறிந்தார். சுரங்கமே வேலையை நிறுத்தியது. போலீஸ் அடித்ததில் அவருக்கு முன்பல் இரண்டு போயிற்று. ஆனாலும் கடைசியில் கம்பெனிதான் இறங்கிவந்தது. "நாங்க இன்னா ஆடா மாடா, நம்பர் கட்டி ஓட்றதுக்கு?" என்று தாத்தா கேட்டதைச் சொல்லும்போது பெரியப்பாவுக்கு இருமல்கூட நின்றுவிடும்.

அப்பா யார் யாரிடமோ சொல்லி, நாச்சாரத்தில் பித்தளைக் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக்கொடுத்தார். காக்கிச் சட்டை, விசில். பள்ளிக்கூடத்தில் நான் அவரைப் போலீஸ் என்றே சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு லீவு நாள் சாயங்காலம் அவரை அழைத்துவர அப்பாவோடு ஸ்கூட்டரில் போனேன். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் கேட்டில் வரிசையாக நின்றார்கள். பித்தளைத் துண்டு எதையாவது ஒளித்துக் கொண்டுபோகிறார்களா என்று பெரியப்பா ஒவ்வொருவர் இடுப்பையும் தடவிப் பார்த்து வெளியே விட்டார். வயதான ஒருவர் சாப்பாட்டு டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நக்கோ சாப், நக்கோ" என்று, திறக்க வேண்டாமெனக் கெஞ்சினார். எச்சில் டப்பா. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா அதைப் பிடுங்கித் திறந்து, மிச்சச் சோற்றை விரலால் கிளறினார். பாதி தரையில் கொட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை. வரிசையில் யாரோ காறித் துப்பினார்கள்.

நான் சத்தமாகக் கேட்டேன்: "பெரியப்பா, தாத்தாவுக்குக் காப்பு மாட்ட வந்தவரும் உங்கள மாதிரி காக்கிதான் போட்டிருந்தாரா?"

அப்பா என் முதுகில் ஓங்கி அறைந்தார். பெரியப்பா திரும்பவே இல்லை. அடுத்த ஆளின் இடுப்பில் கை வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், "நாளைலேர்ந்து போகலடா" என்றார் பெரியப்பா.

"ரெண்டு பொண்ண வச்சிகினு வேற இன்னா பண்ணுவண்ணே?" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் பெரியப்பா காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். நெஞ்சு முழுவதுமாகக் கெட்டுப் படுக்கையில் விழும்வரை, ஒன்பது வருஷம் போனார்.

கதையை மட்டும் அதன்பிறகு அவர் சொல்லவில்லை. கேட்டால், "மறந்துபோச்சும்மா" என்பார். நான் நம்பினேன். பாவம், வயதாகிவிட்டது என்று இரக்கப்பட்டு, அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் அந்தக் கதையை அவருக்கே சொன்னேன். அவர் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு எழுந்து போவார். அம்மா குழம்பில் உப்பு போட மறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.