பெருக்கி வைத்த மணல்

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் அந்தோணி சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எமிலி டீச்சர் தவறிட்டாங்க டீச்சர்."

"யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"நானே பாத்துட்டுதாங்க வரேன்."

கேட்ட பிறகுதான் உறைத்தது. அது அவருடைய கேள்வி. எதைச் சொன்னாலும் எமிலி டீச்சர் முதலில் அதைத்தான் கேட்பார். நேரில் பார்த்தவர் சொல்லிவிட்ட பிறகு நானும் நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. கோலமாவுக் கிண்ணத்தோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

திருச்சியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அவர் புவியியல் ஆசிரியை. எழுபதுகளின் நடுவில் நான் விஞ்ஞானப் பாடம் எடுக்க அங்கே சேர்ந்தேன். எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முதல் நாளே, "முன்னாடி எங்க வேலை பாத்தீங்க? ஏன் விட்டீங்க?" என்று விசாரித்தார். தலைமை ஆசிரியையின் ஒற்றராக இருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு மாதம் அளந்துதான் பேசினேன்.

பிறகு ஒரு மதியம் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "மீன், முட்டை எதுவும் படாத பாத்திரம் வைதேகி டீச்சர். நம்பலைன்னா மோந்து பாருங்க." நான் நிஜமாகவே மோந்து பார்த்தேன். ஆசிரியர் அறையே திகைத்துப் போயிற்று. அவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படித்தான் இருக்கணும்!" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

மலைக்கோட்டைக் கடைவீதியில் பருப்பு வாங்கப் போனால், தராசுத் தட்டைத் தூக்கி அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். "முசிறி பஸ்" என்று பலகை மாட்டியிருந்தாலும் கண்டக்டரையும் டிரைவரையும் தனித்தனியாகக் கேட்ட பிறகுதான் ஏறுவார். அவரோடு வெளியே போவது ஒரு தலைவலிதான். ஆனால் அவரோடு போய் நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், சுற்றுச்சூழல் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகக் கடற்கரையில் ஒரு முகாம் நடந்தது. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, ஒரு மீனவர் குப்பத்துக்குப் பக்கத்தில். பல ஊர்களிலிருந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலம் சுண்டல், எல்லாமே இலவசம். டீச்சருக்கு அதுவே பிடிக்கவில்லை. "இவ்வளவு உபசாரம் எதுக்கு? நாம என்ன சம்பந்தி வீடா?" என்று என் காதில் சொன்னார்.

கடைசி நாள் சவுக்குக் கன்று நடும் விழா. வெட்டவெளியான ஒரு மணல்திட்டில் வரிசையாகக் குழி தோண்டித் தயாராக வைத்திருந்தார்கள். போட்டோகிராபரும் வந்துவிட்டார். ஆளுக்கொரு கன்றோடு நாங்கள் குழியருகே நின்றோம். எமிலி டீச்சர் மட்டும் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இங்க பாருங்க. விளக்குமாத்துக் கோடு. கடற்கரை மணல யாரு பெருக்குவாங்க?"

நானும் குனிந்தேன். மணலில் கீற்றுக் கீற்றாகக் கோடுகள் இருந்தன. ஒரு பிடி அள்ளி மோந்தேன். கருவாட்டு வாடை.

முகாம் நடத்தியவரிடம் இது யாருடைய இடம் என்று டீச்சர் கேட்டார். "புறம்போக்குங்க. நீங்க நடுங்க, மந்திரி வர நேரமாச்சு" என்றார் அவர். டீச்சர் கன்றைக் கையில் பிடித்தபடியே குப்பத்துக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

முதல் குடிசை வாசலில் ஒரு பெண் வலை பிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கேட்டதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்களும் அவங்க ஆளுதானே?"

"நல்லாக் கேட்டீங்க. நம்பாதீங்க. அந்த இடம் யாரோடதுன்னு மட்டும் சொல்லுங்க."

"எங்க களம்ங்க. நாங்க பெருக்கி மீன் காயப்போடுறது அங்கதான். நேத்துலேருந்து காவலுக்கு ஆள் போட்டு உள்ள விடல. மரம் வெச்சுட்டா அப்புறம் எங்கள எங்க போகச் சொல்லுவாங்க? கருவாடு இல்லாட்டி மழைக்காலத்துல எங்க அடுப்பு எரியாது."

திரும்பி வந்து டீச்சர் எல்லோருக்கும் கேட்கும்படி இதைச் சொன்னார். "நாம நட்டுட்டு பஸ் ஏறிடுவோம். நாளைக்கு இவங்கள விரட்டுறப்போ, வாத்தியாருங்க வெச்ச மரம்னு நம்ம போட்டோவத்தான் காட்டுவாங்க" என்றார். "எமிலி டீச்சருக்கு எதுல சந்தேகம் இல்ல?" என்று ஒருவர் முணுமுணுத்தார். நான் என் கன்றைக் கீழே வைத்தேன். பிறகு ஒவ்வொருவராக வைத்தார்கள். மந்திரி வந்து, வெறும் குழிகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கன்றுகளை வீணாக்கவும் டீச்சருக்கு மனம் வரவில்லை. எங்கே நடலாம் என்று குப்பத்துப் பெண்களையே கேட்டார். குடிசைகளுக்குப் பின்னால் காட்டினார்கள். காற்றடித்தால் அந்தப் பக்கமிருந்துதான் சோற்றில் மணல் விழுமாம். பொழுது சாய்வதற்குள் அங்கே நட்டு முடித்தோம்.

அப்படி எந்த முகாமுக்கும் எங்கள் பள்ளியை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை. டீச்சர்மேல் புகார் வந்தது. தலைமை ஆசிரியைப் பதவியும் அவருக்குக் கைநழுவிப் போயிற்று. புகார்தான் காரணமா என்று கேட்டேன். "யார் சொன்னா?" என்றார். ஆனால் அவருக்கு வலித்தது, எனக்குத் தெரியும். அந்தக் களத்தில் இன்றும் மீன் காய்கிறது. போன வருடம் வேளாங்கண்ணிக்குப் போன டீச்சர், வழியில் இறங்கித் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் எனக்குச் சொன்னார்.

அடக்கம் முடிந்த மறுநாள், டீச்சரின் நினைவாகப் பள்ளி மைதானத்தில் ஒரு வேப்பங்கன்று நடுவதற்கு இப்போதைய தலைமை ஆசிரியையான சிஸ்டர் ஏற்பாடு செய்திருந்தார். நல்ல மனுஷி, மனதார அழுதார். கன்றை என்னிடம் கொடுத்தார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். குழிக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள் நொண்டியாடும் பாண்டிக் கட்டங்கள் பாதி அழிந்து கிடந்தன.

"சிஸ்டர், இது யாரோட இடம்?"

அவருக்குப் புரியவில்லை. மரத்தடியில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. "எங்க இடம் டீச்சர்!" என்று கத்தினார்கள். எங்கே நடலாம் என்று அவர்களையே கேட்டேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சுவரோரமாகக் காட்டினார்கள்.

எமிலி டீச்சர், கன்றை அங்கேதான் நட்டிருக்கிறோம். பாண்டி விளையாட்டு நிற்கவில்லை. நான் சொல்கிறேன் என்று நம்பிவிடாதீர்கள். பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போயிட்டு வாங்க.